அப்பப்பாவின் இரட்டைக்குழல் துவக்கு: ரவை எங்கே பெறுவது, பழைய பித்தளைக் கோதுகளை மீண்டும் நிரப்பலாமா?

தம்பலகாமத்தான் கேட்டது:

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாக இருந்துவரும் ஒரு துவக்கைப் பற்றி, இத்துறையில் பழக்கமுள்ளவர்களிடம் சில விளக்கங்களைக் கேட்க விரும்புகிறேன். தம்பலகாமத்து வயல்களைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காப்பதற்காக அப்பப்பா வாங்கிய 12 போர் இரட்டைக்குழல் துவக்கு அது. குதிரைகள் இரண்டும் வெளியே தெரியும்படி அமைந்த பழைய வகை. குழல்களை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் நெளிநெளியான வரிகள் தெரிகின்றன. அவை துரு அல்ல என்றும், குழல் செய்யப்பட்ட முறையே அதுதான் என்றும் அப்பா சொல்கிறார். போர்க்காலத்தில் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்த துவக்கு, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்ததனால் நெடுங்காலத்தின் பின்னர் எங்களிடம் திரும்பி வந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரம் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அதை ஆண்டுதோறும் புதுப்பித்தும் வருகிறார். ஆனால் திரும்பி வந்த நாளிலிருந்து அத்துவக்கால் ஒரு வெடிகூட வைக்கப்படவில்லை.

இப்போது பன்றித் தொல்லை அளவுகடந்துவிட்டதனால், துவக்கை மீண்டும் பயன்படுத்தலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்திருக்கிறது. அயலவர் ஒருவருடைய புதிய பிளாஸ்டிக் ரவையை அப்பா வெறுமனே உள்ளே வைத்துப் பார்த்தார். அது சிக்கலின்றி உட்கார்ந்தது. பூட்டும் சரியாக மூடியது. அப்படியிருந்தும் அதைச் சுடக் கூடாது என்று அப்பா பிடிவாதமாகச் சொல்கிறார். காரணம் கேட்டால், தன் தகப்பனார் புதிய ரவையை இதில் போடவே கூடாது என்று சொல்லியிருந்தார் என்பதற்கு மேல் அவரிடம் விடையில்லை.

துவக்குடன் ஒரு தகரப் பெட்டியும் உண்டு. அதில் வெறுமையான பித்தளைக் கோதுகளும், ஊதிப்போன சில கடதாசி ரவைகளும், பிடி வைத்த சிறு அளவுக் கிண்ணம் ஒன்றும், மேசை விளிம்பில் பூட்டிச் சுழற்றும் கருவி ஒன்றும் இருக்கின்றன. அக்கருவியில் ஷெபீல்ட் நகரத்து ஜேம்ஸ் டிக்சன் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அப்பப்பா இவற்றைக் கொண்டு ரவைகளைத் தானே நிரப்பிக்கொண்டார் என்று தெரிகிறது. திருவிழா வெடிகள் செய்யும் ஒருவர், மருந்து தருகிறேன், இந்தக் கோதுகளையே நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார்.

எனவே, இத்துவக்குக்குப் பொருந்தும் ரவை எது, அது எங்கே கிடைக்கும், பழைய கோதுகளை நிரப்புவது தகுமா என்ற மூன்றையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கச்சேரியடி எழுதியது:

துவக்கின் நுட்பத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பணிக்காலத்தில் கச்சேரியில் இத்தகைய கோவைகளோடு பழகியவன் என்பதால், சட்டத்தின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். அந்த மருந்துக்காரரின் வாக்கை நீங்கள் அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பதற்காகவே முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

இலங்கையில் சுடுகலன்களை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களுமாகும். வெடிமருந்தை ஆள்வது 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டம். உங்கள் தகப்பனாரிடம் இருப்பது முதற்சட்டத்தின் கீழ்த் துவக்கை வைத்திருப்பதற்கான அனுமதி மட்டுமே. கரிமருந்தை, அதாவது வெடியுப்பும் கரியும் கந்தகமும் கலந்த பழைய வகை வெடிமருந்தை, வாங்குவதற்கோ, வீட்டில் வைத்திருப்பதற்கோ, அதைக் கோதில் அடைத்து ரவை ஆக்குவதற்கோ அந்தக் கடதாசி எந்த உரிமையையும் தருவதில்லை. கரிமருந்து இரண்டாவது சட்டத்தின் கண்ணில் வெடிபொருள். அனுமதியின்றி அதை வைத்திருந்தால் துவக்கு சட்டப்படி உங்களுடையது என்ற வாதம் காப்பாற்றாது. உள்ள அனுமதிப்பத்திரத்தையும் இழக்க நேரிடும். விலங்கு தட்டினால் தானே வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்குகளால் காலிழந்தவர்களையும் யானைகளையும் கண்ட மாவட்டம் இது. வீட்டில் மருந்தும் ஈயமும் கோதுகளும் ஒன்றாகக் கிடப்பதைக் காணும் பொலிஸ் அலுவலர், உங்கள் அப்பப்பாவின் நினைவுப்பொருள் என்ற விளக்கத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரவையை அனுமதிப்பத்திரத்தின் பேரிலேயே, அதிகாரம் பெற்ற வழியிலேயே வாங்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குகளைப் பொறுத்தவரை மாவட்டச் செயலகத்தில் விசாரித்தால், இப்போது எங்கே வழங்குகிறார்கள், ஒருவருக்கு எத்தனை வழங்குகிறார்கள் என்பதைச் சொல்வார்கள். அயலவரிடம் இரண்டு ரவையைக் கடன் வாங்குவது நம்முடைய ஊர்களில் உப்பு வாங்குவதைப் போல நடக்கிறது. அது ஒழுங்கு அல்ல.

இன்னொன்றையும் இப்போதே கவனியுங்கள். அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது. துவக்கோடு சேர்ந்து மகனுக்கு வந்துவிடாது. தகப்பனார் நலமாக இருக்கும்போதே உங்கள் பெயருக்கு விண்ணப்பிப்பது எப்படி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னர் துவக்கு வீட்டு அலுமாரியில் இருந்தால், பழமையானது என்பதற்காக எவரும் விட்டுவிட மாட்டார்கள்.

கொட்டியாரத்தான் எழுதியது:

கச்சேரியடி ஐயா சொன்னதற்கு மேல் சட்டத்தில் சேர்க்க எதுவும் இல்லை. தம்பியின் முதற்கேள்விக்கு வருகிறேன். தகப்பனாரின் பிடிவாதம் நூற்றுக்கு நூறு நியாயமானது. அதற்குக் காரணங்களும் உண்டு.

முதற்காரணம் தோட்டா அறையின் நீளம். 12 போர் என்ற பெயர் குழலின் அகலத்தையே குறிக்கிறது. குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஓர் இறாத்தல் நிறை வரும் என்பதே அக்கணக்கு, விட்டம் 0.729 அங்குலம், அதாவது ஏறத்தாழ 18.5 மி.மீ. ஆனால் அகலம் ஒன்றாக இருந்தாலும் அறையின் நீளம் காலத்துக்குக் காலம் மாறியது. பழைய துவக்குகளில் பெரும்பாலானவை 2½ அங்குலம், அதாவது 65 மி.மீ. அறை கொண்டவை. இன்று சந்தையில் பொதுவாகக் கிடைப்பது 2¾ அங்குலம், அதாவது 70 மி.மீ. ரவை.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ரவையின் மேல் அச்சிடப்பட்ட நீளம், வாய் மடிக்கப்பட்ட நிலையில் உள்ள நீளம் அன்று. வெடித்து வாய் விரிந்த பின்னர் உள்ள நீளமாகும். ஆகவே 70 மி.மீ. ரவை 65 மி.மீ. அறைக்குள் எளிதாகப் போய் உட்காரும், பூட்டும் மூடும். வெடிக்கும் கணத்தில் வாய் விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னால் குழல் ஒடுங்கும் பகுதிக்குள் அது திணிந்துகொள்ள, ஈயமும், அதற்கும் மருந்துக்கும் இடையில் உள்ள அடைப்பும் அந்த நெருக்கத்தினூடே பிதுங்கிப் போக வேண்டியிருக்கும். அழுத்தம் மளமளவென்று ஏறும். உட்கார்ந்தது, மூடியது என்று நீங்கள் கண்ட பரிசோதனை எதையும் நிரூபிக்கவில்லை என்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம் மருந்து. நீங்கள் சொல்லும் நெளிவரிகள் தமாஸ்கஸ் குழலின் அடையாளம். இரும்பு, உருக்குப் பட்டைகளைச் சேர்த்து முறுக்கி, ஓர் அச்சின் மேல் சுற்றி, உலையில் காய்ச்சி அடித்து ஒட்டிய குழல் அது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தைச் சுற்றியிருந்த வெஸ்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இவ்வேலை பெருந்தொழிலாக நடந்தது. முதலாம் உலகப்போரோடு அநேகமாக முடிந்துபோனது. அக்குழல்கள் தோன்றிய காலத்தில் உலகம் முழுவதும் கரிமருந்தையே பயன்படுத்தியது. பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய் 1884இல் புகையற்ற மருந்தை உருவாக்கிய பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. இன்றைய ரவைகளில் இருப்பது அந்தப் புதிய வம்சத்து மருந்து. ஐரோப்பியச் சோதனை விதிகளின்படி 12 போருக்கான சாதாரண ரவையின் உச்ச அழுத்தம் 740 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). அதிவலு ரவைகளுக்கு 1050 பார் வரை இடம் உண்டு. கரிமருந்துக்கென்று செய்யப்பட்ட குழலிடம் இதைக் கேட்பது அநியாயம்.

தமாஸ்கஸ் குழல் என்றாலே வெடித்துச் சிதறும் என்று மிரட்டுவோரும் உண்டு. அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. தமாஸ்கஸ் குழல்களில் ஒரு பகுதி புகையற்ற மருந்துக்கும் சோதிக்கப்பட்டுத் தேறியவை; இங்கிலாந்தில் இன்றும் அவற்றில் சில அளவான ரவையோடு சுடப்படுகின்றன. எனவே ஊகிக்க வேண்டியதில்லை. துவக்கே தன் வரலாற்றைச் சொல்லும். முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்து, அவற்றின் அடிப்பகுதியில் உள்ள முத்திரைகளைப் பாருங்கள்.

லியேஜ் நகரில் சுடுகலன் சோதனையை 1672இலேயே சட்டமாக்கினார்கள். அங்கே இறுதிச் சோதனையில் தேறிய துவக்கில் நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி என்ற மூன்று ரோமன் எழுத்துகளும் ஒரு விண்மீனும் இருக்கும். நீள்வட்டத்தின் தலையில் முடி இருந்தால் அது 1893க்குப் பிந்தியது. புகையற்ற மருந்துக்குச் சோதிக்கப்பட்டிருந்தால், எழுந்து நிற்கும் சிங்கமும் அதன் கீழ் பீ, வீ என்ற இரு எழுத்துகளும் காணப்படும். அந்தச் சிங்கம் இல்லையென்றால் துவக்கு கரிமருந்துக்கு மட்டும் உரியது என்று கொள்ள வேண்டும், அதற்கு மறுபேச்சில்லை. 1922இலிருந்து செய்யப்பட்டவற்றில் ஆண்டைக் காட்டும் தனி எழுத்தும் இருக்கும்.

பேர்மிங்காம் துவக்காக இருந்தால் முத்திரைகள் வேறு. அங்கே சோதனை இல்லம் 1813இல் நிறுவப்பட்டது. சாய்சதுரத்துக்குள் 12 என்ற இலக்கமும் சீ என்ற எழுத்தும் இருந்தால் 1887க்கும் 1954க்கும் இடைப்பட்டது. புகையற்ற மருந்தைக் குறிக்கும் நைட்ரோ என்ற சொல் எங்கேயாவது பொறிக்கப்பட்டிருக்கிறதா என்பதே அதில் நீங்கள் தேட வேண்டியது. 1925க்குப் பின்னர் அறையின் நீளத்தையும் பொறித்தார்கள். 1954க்குப் பின்னர் சதுர அங்குலத்துக்கு இத்தனை தொன் என்று தாங்கும் அழுத்தத்தையும் பொறித்தார்கள்.

முத்திரைகள் நல்லனவாக இருந்தாலும், அவை துவக்கு பிறந்த நாளின் சான்றிதழ்கள் மட்டுமே. அதற்குப் பிறகு உட்புறத்தைத் துரு தின்றிருக்கலாம். துருவை நீக்குகிறேன் என்று யாராவது உரசி மெல்லியதாக்கியிருக்கலாம். குழல்களைத் தனியே கழற்றி ஒரு நூலில் தொங்கவிட்டு, விரற்கணுவால் தட்டிப் பாருங்கள். மணியைப் போல நீண்டு ஒலித்தால் நல்லது; அடைத்த ஓசை வந்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டி விட்டிருக்கிறது அல்லது எங்கேயோ வெடிப்பு இருக்கிறது. சுவரின் தடிப்பை அளப்பதற்குத் தனிக் கருவி வேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது அரை மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ஐயப்பட வேண்டும் என்பது துவக்குத் தொழிலாளரிடையே வழங்கும் பொதுவிதி. இதைக் கண்ணால் மதிப்பிட எவராலும் முடியாது.

தம்பலகாமத்தான் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியமைக்கு இருவருக்கும் நன்றி. அப்பாவுடன் இருந்து குழல்களைக் கழற்றிப் பார்த்தேன். நீள்வட்டமும் அதன் மேல் முடியும் தெளிவாகத் தெரிகின்றன. சிங்கம் எங்கும் இல்லை. 18.4 என்ற இலக்கம் ஒவ்வொரு குழலிலும் இருக்கிறது. அறையின் நீளத்தைக் குறிக்கும் இலக்கம் எதுவும் காணப்படவில்லை. நூலில் தொங்கவிட்டுத் தட்டியபோது ஓசை சற்று நேரத்துக்குள் அடங்கிவிட்டது.

அப்படியானால் புதிய ரவை கூடாது என்பது தெளிவாகிறது. ஆனால் கரிமருந்து ரவையைத் தொழிற்சாலையில் செய்து விற்பவர்கள் யாரும் இல்லையா? பித்தளைக் கோதுகள் பார்வைக்கு நல்ல நிலையில் இருக்கின்றன. சட்டம் இடங்கொடாது என்பது புரிகிறது; ஆயினும் அப்பப்பா அவற்றை எப்படி நிரப்பியிருப்பார், இப்போது ஏன் முடியாது என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். பெட்டி இதுநாள்வரை மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் இருந்தது.

உப்புவெளியிலிருந்து ஸ்காபரோ எழுதியது:

நான் உப்புவெளியில் பிறந்து, இப்போது கனடாவில் வசிப்பவன். இங்கே உரிய உரிமம் உள்ளவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு ரவை நிரப்புவதை 2013ஆம் ஆண்டின் வெடிபொருள் ஒழுங்குவிதிகள் அனுமதிக்கின்றன. பழைய மார்ட்டினி ஹென்றி ரைபிள் ஒன்றுக்காக நான் அதைச் செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாட்டுக்கொட்டில் என்ற ஒரு சொல்லைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரித்தானிய இந்தியப் படையில், மாரிகாலத்தில் குதிரை இலாயங்களில் வைக்கப்பட்ட பித்தளை ரவைக் கோதுகள் காரணமின்றி வெடிப்பு விடுவதைக் கண்டார்கள். நீண்ட காலம் அது புதிராகவே இருந்தது. விலங்குகளின் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, ஈரப்பதத்துடன் சேர்ந்து, உருவாக்கும்போது இறுக்கப்பட்ட பித்தளையைத் தாக்குகிறது என்பதை 1921இல்தான் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வெடிப்பு மயிரிழையாக இருக்கும். துலக்கிய கோதில்கூடக் கண்ணுக்குப் படாது. பழைய கேப்புகளில், அதாவது அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகளில், பாதரசச் சேர்மம் இருந்தது என்பதும் நினைவிருக்கட்டும்: அது வெடிக்கும்போது வெளிப்படும் பாதரசம் பித்தளைக்குள் ஊறி அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். உங்கள் கோதுகள் இவ்விரண்டு கேடுகளையும் சந்தித்திருக்க வாய்ப்பு மிக அதிகம். எனவே சட்டம் இடங்கொடுத்தாலும் அந்தக் கோதுகளை நான் நிரப்ப மாட்டேன்.

உங்கள் அப்பப்பா செய்தது இதுதான். வெடித்த கேப்பை ஊசியால் தட்டி வெளியேற்றி, புதிய கேப்பைப் பொருத்தி, கிண்ணத்தால் அளந்த கரிமருந்தை இட்டு, அதன் மேல் தடித்த அடைப்பை இறுக்கி, ஈயத்தை நிரப்பி, மெல்லிய அட்டையால் மூடியிருப்பார். மேசையில் பூட்டும் அந்தக் கருவி கடதாசிக் கோதின் வாயை உட்புறமாகச் சுருட்டி மடக்குவதற்கானது. பித்தளைக்கு அது பயன்படாது. பித்தளைக் கோதின் சுவர் கடதாசிக் கோதினுடையதைவிட மெல்லியது என்பதால் உள்ளிடம் பெரிது. அதனால் அதற்கு 12 போர் அடைப்பு தளர்ந்துபோகும். ஒரு படி பெரிய அடைப்பு வேண்டும். இதை அறியாமல் நிரப்பியவர்களின் ரவைகள் ஈயத்தைக் குழலிலேயே உதிர்த்த கதைகள் உண்டு.

கேப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1860களில் இரண்டு வகைகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. ஆங்கிலேயரான பொக்சர் அமைத்த வகையில் அடிதாங்கி (அடிபடும் கேப்பு மருந்து மோதி நசுங்கும் முனை) கேப்புக்குள்ளேயே இருக்கும். கோதின் நடுவில் ஒரே துளை. அமெரிக்கரான பேர்டன் அமைத்த வகையில் அடிதாங்கி கோதின் உடலிலேயே இருக்கும். பக்கத்தில் இரண்டு சிறு துளைகள். பொக்சர் வகையின் கேப்பை ஊசியால் எளிதில் தட்டலாம். பேர்டன் வகைக்கு நடுத்துளை இல்லாததனால் அது முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் வகை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் வகை ஐரோப்பாவிலும் நிலைத்துவிட்டன. உங்கள் கோதுகளின் உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் எது என்று தெரியும்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை. மருந்து செய்பவரே வெளியிடும் அட்டவணையிலிருந்து, அந்தக் கோதுக்கும் அந்த அடைப்புக்கும் உரிய அளவை எடுப்பதே இங்குள்ள நடைமுறை. அந்தக் கிண்ணத்தில் புகையற்ற மருந்தைக் கரிமருந்தின் அதே கன அளவில் எடுத்து நிரப்பியதால் சிதறிய துவக்குகள் பல. திருவிழா மருந்தோ அதைவிட மோசம். வாணவெடிக்காரர் கலப்பது ஒலிக்கும் ஒளிக்குமான கலவை. அதில் அலுமினியத் தூளும் குளோரேட்டும் சேரலாம். அது எரிந்து தள்ளுவதற்கு ஆனதன்று. ஒரே கணத்தில் அறைவதற்கு ஆனது. அதைத் துவக்குக் குழலில் அடைப்பவர் தம் இடக்கையைப் பணயம் வைக்கிறார்.

தொழிற்சாலையில் செய்த கரிமருந்து ரவை ஐரோப்பாவில் இன்றும் கிடைக்கிறது, 65 மி.மீ. நீளத்திலும் கிடைக்கிறது. ஆனால் ஒரு பெட்டி ரவைக்காக இறக்குமதி அனுமதி பெற்று, கப்பலேற்றி, கொழும்பில் விடுவித்துத் திருகோணமலைக்குக் கொண்டுவருவது தனியொருவரால் ஆகிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. என் மார்ட்டினிக்குரிய கோது கடைகளில் அரிது என்பதால், பிரேசிலில் செய்யப்படும் 24 போர் பித்தளைக் கோதை அச்சில் இட்டு ஒடுக்கி அந்த வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். இந்த ஊரில், எல்லாச் சாமானும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

பழையது என்றால் சட்டம் விட்டுவிடும் என்ற எண்ணம் இங்குள்ளவர்களிடமும் உண்டு. கனடாவில் 1898க்கு முன் செய்யப்பட்ட துவக்குகளுக்குத் தொன்மைப்பொருள் என்ற சலுகை இருக்கிறது. ஆனால் அடியின் நடுவில் கேப்பு உள்ள 12 போர் ரவையைச் சுடக்கூடியது எவ்வளவு பழையதானாலும் அச்சலுகைக்குள் வராது, ஏனென்றால் அதற்கான ரவை ஒவ்வொரு கடையிலும் கிடைக்கிறது. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுச் சட்டமோ, தொன்மையான துவக்கை அழகுப்பொருளாக வைத்திருப்பவருக்கு மட்டுமே விலக்களிக்கிறது. சுடும் எண்ணத்தோடு வைத்திருப்பவருக்குச் சான்றிதழ் வேண்டும்.

நிலாவெளிக் காற்று எழுதியது:

ரவையைப் பற்றியே பேசுகிறீர்கள். துவக்கின் உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரிமருந்தின் கசடு உப்புத்தன்மை உடையது, ஈரத்தை இழுக்கும். எண்ணெயை மட்டும் பூசினால் அது கசடின் மேல் படலமாக நிற்குமே தவிர அதைக் கரைக்காது. வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் இட வேண்டும். பழைய குளோரேட்டுக் கேப்புகள் விட்டுச்செல்லும் உப்புக்கும் இதே மருத்துவம்தான். அப்பப்பா கடைசியாகச் சுட்ட பிறகு யாராவது கழுவினார்களா என்பது தெரியாது. வாடைக்காற்றுக் காலத்தில் நம் கரையோரத்தில் கதவுப் பிணைச்சலே துருப்பிடிக்கிறது. துவக்குக் குழல் எம்மாத்திரம்.

இன்னொரு வேண்டுகோள். இத்திரியைப் படிக்கும் எவராவது தோட்டத்தைக் கொத்தும்போது கிடைத்த பழைய 0.303 (பிரித்தானிய ரைபிள்) ரவைகளை எடுத்து வைத்திருந்தால், அவற்றைத் தட்டவோ கழற்றவோ வேண்டாம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் குண்டுவீசிய திருகோணமலைத் துறைமுகம் இது. 1957வரை பிரித்தானியக் கடற்படை தங்கியிருந்தது. அதன் பிறகு நம்முடைய போரும் நடந்தது. எந்தக் காலத்து இரும்பு எங்கே கிடக்கிறது என்று மேலோட்டமாகச் சொல்ல முடியாது. அடிப்பாகத்தில் கே, எஃப் என்று இருந்தால் இந்தியாவின் கிர்க்கியில் செய்தது, தனியே கே மட்டும் இருந்தால் இங்கிலாந்தின் கைனொக் நிறுவனம் செய்தது என்று இனங்காணலாம்; ஆனால் அந்த ஆராய்ச்சியைப் புகைப்படத்தில் செய்தால் போதும். ரவையை இருந்த இடத்திலேயே விட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

கொட்டியாரத்தான் எழுதியது:

தம்பி, சிங்கம் இல்லை, ஓசையும் அடங்கிவிட்டது என்றால் என் தீர்ப்பு இதுதான். அத்துவக்கை எந்த ரவையாலும் சுட வேண்டாம். பன்றிக்கு வேறு வழி பாருங்கள். பயிர்ப் பாதுகாப்புக்குத் துவக்கு வேண்டியே தீரும் என்றால், அனுமதிப்பத்திரத்தின் கீழ்ப் புதிய துவக்கொன்றை மாற்றிப் பதிவது பற்றி மாவட்டச் செயலகத்தில் கேளுங்கள். உங்கள் துவக்குக்கு ரவை தேடும் முயற்சியை விட அது எளிது. செலவும் குறைவாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஊதிப்போன கடதாசி ரவைகளை வீட்டில் எரிக்கவோ, கிணற்றில் போடவோ, கத்தியால் பிளந்து மருந்தைக் கொட்டவோ வேண்டாம். தகப்பனாரின் அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போய், பெட்டியை அங்கே கொண்டுவரலாமா, அல்லது அவர்களே வந்து எடுப்பார்களா என்று கேளுங்கள். கேட்காமல் பெட்டியோடு பேருந்தில் ஏற வேண்டாம்.

தம்பலகாமத்தான் எழுதியது:

அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். மருந்துக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கோதுகளின் உள்ளே விளக்கடித்துப் பார்த்ததில் நடுவில் ஒரே துளைதான் தெரிகிறது; ஒரு கோதின் வாயோரத்தில் மயிரிழை போன்ற கீறலும் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை அப்பாவுடன் பொலிஸ் நிலையத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும் போகிறோம். கச்சேரியடி ஐயா, என் பெயருக்கான விண்ணப்பத்தோடு காணி உறுதியின் பிரதியையும் கொண்டு போக வேண்டுமா, அல்லது கிராம சேவகரின் கடிதம் போதுமா என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

கச்சேரியடி எழுதியது:

இரண்டையும் கொண்டு போங்கள். அத்துடன் பொலிஸ் நிலையம் அந்நாளில் தந்த பற்றுச்சீட்டையும், தகப்பனார் புதுப்பித்த பழைய அனுமதிப்பத்திரங்கள் எத்தனை கைவசம் உண்டோ அத்தனையையும் மூலத்தோடும் பிரதியோடும் எடுத்துச் செல்லுங்கள். குழலில் உள்ள தொடரிலக்கம் கடதாசியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதை வீட்டிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.